மயிர் முளைத்த அன்னம்

‘யாருடைய அக்காவுக்காகவும் நிரலுக்குள் குப்பை வைத்திருக்க முடியாது. நீக்கிவிட்டேன்.’

அவர் எழுதியது இவ்வளவுதான். ஆங்கிலத்தில் எழுதியிருந்தார், தமிழில் சொன்னால் இன்னும் நன்றாக உறைக்கிறது. குப்பை என்று அவர் சொன்னது ஒரு கம்ப்யூட்டர் நிரலில் மூன்று வரி. அதை வைத்தவள் நான். அக்கா என்று அவர் சொன்னது என் கூடப் பிறந்த அக்கா. எடுப்பதற்கு முன்னால் எதற்கு வைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை. இத்தனை வருடம் கழித்தும் நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை மறைத்து நல்ல பெயர் வாங்கும் ஆசையும் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருடங்கள். ஊருக்கு வெளியே ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப்பைப் பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் எனக்கு. பையன்கள் பிடுங்கிப்போடும் மவுஸ்களைத் திரும்பச் சொருகுவதும், வைரஸ் வந்த மெஷினைத் துடைப்பதும்தான் வேலை. என் நிஜமான வேலை காலையில் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வீட்டில், அப்பாவின் தறிச் சத்தத்துக்கு நடுவே நடந்தது. நான் ஒரு மென்பொருளைப் பராமரித்துக்கொண்டிருந்தேன். பி.டி.எஃப். கோப்பைத் திறந்து திரையில் காட்டுகிற மென்பொருள். காட்டும், பெரிதாக்கும், பக்கம் திருப்பும். அதற்குமேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது.

திறந்த மூலம் என்பார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே எழுதியிருப்பதைத் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை அனுப்பலாம். காசு கிடையாது. அதை ஆரம்பித்தவர் ஐரோப்பாவில் எங்கோ இருந்தார். அவருக்கு அலுத்துப்போய், யாராவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் குழுவில் எழுதிவிட்டுப் போனார். அதற்குள் நான் அங்கே நிறைய ஓட்டைகளை அடைத்திருந்தேன். நான் எடுத்துக்கொண்டேன். குழுவில் எனக்கு வருகிற கடிதங்களில் எல்லாம் ‘டியர் சார்’ என்றுதான் இருக்கும். நான் திருத்தவில்லை. சார் என்றால் அறிவுரை கொஞ்சம் குறைவாக வரும்.

அப்பாவுக்கு இது விளங்கவே இல்லை.

“சம்பளம் இன்னா குடுக்கறாங்க?”

“சம்பளம் கிடையாதுபா.”

“அப்ப எதுக்கு விடிஞ்சதும் அது மூஞ்சில முழிச்சிக்கினு இருக்கிற?”

அந்தக் கேள்விக்குப் பதில், அக்கா வாழ்க்கைப்பட்ட மாகறலிலிருந்து ஒரு துணிப்பையோடு பஸ்ஸில் வந்து இறங்கியது.

அக்காவுக்கு அட்டை அடிக்கத் தெரியும். பட்டுப் புடவைக் கரையில் வருகிற அன்னமோ மாங்காயோ முதலில் கட்டம்போட்ட தாளில் கட்டம் கட்டமாக வரையப்படும். அதைப் பார்த்து, ஒரு வரிக்கு ஓர் அட்டை என்று, நிரப்பிய கட்டத்துக்கு நேராகத் துளை போட வேண்டும். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், துளை உள்ள இடத்தில் இழை தூக்கும், ஜரிகை ஓடும், அன்னம் வரும். துளை தப்பினால் அன்னமும் தப்பும். ஒரு இரும்புப் பலகை, துளைக் கம்பி, மரச் சுத்தி. அவ்வளவுதான் அவள் ஆஸ்தி.

அந்த ஆஸ்தியைத்தான் மாமா, அதாவது அவள் புருஷன், அவள் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்துப் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிட்டார். “எடத்த அடைச்சிக்கினு கெடந்தது” என்றாராம். கேட்டால் தரமாட்டாள் என்று தெரியும், அதனால் கேட்கவில்லை. அக்கா சண்டைகூடப் போடவில்லை. அன்றைக்கே பஸ் ஏறிவிட்டாள்.

அம்மா அப்போது உயிரோடு இல்லை. இருந்திருந்தால் அப்பாவின் வாயை அடக்கியிருப்பாள். அப்பா நெய்துகொண்டே, தலையைத் தூக்காமல், நிபந்தனையைச் சொன்னார்.

“வேல வந்துக்கினு இருக்கிற வரைக்கும் இரும்மா. வேணாங்கல. நின்னுச்சுன்னா மாகறலுக்குக் கெளம்பிடணும். வாழாவெட்டின்னு ஊரு பேசறத கேட்டுக்கினு என்னால தறில உக்கார முடியாது.”

ஆக, அக்கா எங்கே வாழ்வது என்பது அட்டைகளைப் பொறுத்த விஷயமாகிவிட்டது. எனக்கு அப்பாமேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் வீடு அவருடையது.

பழைய பலகை ஒன்று தேடி வாங்கினோம். வேலை கிடைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அட்டை அடிக்கப் பெயர்போன ஆண்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். அவர்களை விட்டுவிட்டுப் புருஷனை விட்டு வந்தவளிடம் எவன் கொடுப்பான்? என் மென்பொருளால்தான் வேலை வந்தது. டிசைன் வரைகிறவர்கள் அப்போது கம்ப்யூட்டருக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். பெரிய தாளில் பிரிண்ட் எடுக்க சென்னைக்கு ஆள் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். அக்காவுக்குத் தாளே வேண்டாம். கல்லூரியில் கழித்துப் போட்ட ஒரு கம்ப்யூட்டரைக் கேட்டு வாங்கி வந்து, அதில் என் மென்பொருளைப் போட்டுக் கொடுத்தேன். அவள் கோப்பைத் திறந்து, பெரிதாக்கி, திரையை வரி வரியாகப் பார்த்து அடித்தாள். சி.டி.யைக் கொடுத்தால் மற்றவர்களுக்கு முன்னால் அட்டை தயார். நாலைந்து தறிகளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் மேஸ்திரி ஒருவர் இந்த அவசரத்துக்காகவே எங்கள் வீட்டு வாசலை மிதித்தார்.

அந்த மூன்று வரி இங்கேதான் வருகிறது. ஒரு சின்னப் படத்தைப் பெரிதாக இழுத்தால் புள்ளிகள் கட்டம் கட்டமாகத் தெரியும். கல்யாண ஃபோட்டோ பார்க்கிறவர்களுக்கு அது அசிங்கம். அதனால் இந்த மாதிரி மென்பொருள்கள் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளின் நிறத்தைக் கலந்து மழுப்பிக் காட்டும். டிசைன் கோப்பில் ஒரு புள்ளி என்பது ஒரு கட்டம். அதை மழுப்பினால் வெற்றுக் கட்டத்தின் ஓரமெல்லாம் பக்கத்துக் கட்டத்தின் நிறம் லேசாகக் கசிந்து நிற்கும். என் மூன்று வரி சொன்னது இதுதான்: படம் மிகச் சின்னதாக இருந்து, மிகப் பெரிதாக இழுக்கப்பட்டால், மழுப்பாதே, உள்ளதை உள்ளபடி காட்டு. பக்கத்திலேயே ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன்: ‘என் அக்காவுக்கு வேண்டும். தொடாதீர்கள்.’

இப்படி இருக்கும்போதுதான் குப்பை என்று எழுதிய அந்த அமெரிக்காக்காரர் வந்தார். பெயர் வேண்டாம். அவர் என்று எழுதுகிறேன் என்றால் அது கைப்பழக்கம், மரியாதை என்று யாரும் நினைக்க வேண்டாம். பெரிய கம்பெனி ஒன்றில் பெரிய வேலை. பொழுதுபோகாமல் எங்கள் மென்பொருளுக்குள் நுழைந்து திருத்தங்களை அனுப்ப ஆரம்பித்தார். நன்றாகவே செய்தார், இல்லை என்று சொல்ல மாட்டேன். பெரிய கோப்பைத் திறந்தால் மெஷின் மூச்சு வாங்கும்; அதைச் சரிசெய்தார். தனியாக இழுத்து இழுத்து எனக்கும் களைத்துப் போயிருந்தது. நேரடியாக மாற்றும் உரிமையை அவருக்குக் கொடுத்தேன். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்று எங்கள் அம்மா சொல்வாள். நான்தான் பிடாரிக்குச் சாவியையும் கொடுத்து உள்ளே விட்டேன்.

சாவி கைக்குப் போனதும் அவருக்குச் சுத்தம் செய்யும் வெறி பிடித்தது. ஆளுக்கேற்ப மாற்றிக்கொள்ள இருந்த வசதிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். பழைய வரிகளைப் பார்த்தாலே அவருக்குக் கை அரிக்கும். எனக்குக் கல்லூரியில் செமஸ்டர் பரீட்சைக் காலம். ஒவ்வொரு மாற்றத்தையும் உட்கார்ந்து படிக்க முடியவில்லை. அந்த நேரத்தில்தான் என் மூன்று வரியும் போனது. புதிய பதிப்பு வெளியானது. அக்காவின் திரையில், ‘புதுப்பிக்கலாமா?’ என்று கேட்டது. என் மென்பொருள் எது கேட்டாலும் சரி என்று அழுத்து என்று நான்தான் சொல்லி வைத்திருந்தேன். அழுத்தினாள்.

அப்போது அவள் கையில் இருந்தது அன்னக் கரை. ஒரு கல்யாணப் புடவைக்கான வேலை. அந்த வேலை நன்றாக முடிந்தால் அவருடைய எல்லாத் தறிகளுக்கும் அட்டை இனிமேல் அக்காதான் என்று மேஸ்திரி வாயால் சொல்லியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் அட்டை அடிக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தாளில் அழுத்தமாக நிரப்பிய கட்டம் என்றால் துளை. பென்சிலால் லேசாகத் தேய்த்துவிட்ட கட்டம் என்றால் அது கட்டு. ஜரிகை இழை தொங்கிப்போகாமல் நடுவில் பிடித்து வைக்கிற இடம். அதை ஒன்று விட்டு ஒன்றாக அடிக்க வேண்டும். இன்னொரு வழக்கமும் உண்டு. அடிக்கிறவர் வரைந்தவரிடம் கேள்வி கேட்கக் கூடாது. தாளில் இருப்பதை அடி, யோசிக்காதே. இதுதான் அந்தத் தொழிலில் முதலில் சொல்லிக்கொடுப்பது.

அக்கா திரையைப் பார்த்தாள். அன்னத்தைச் சுற்றி, உடம்போரம், கழுத்தோரம், அலகோரம், எல்லா வெற்றுக் கட்டத்திலும் லேசாக நிறம் படிந்திருந்தது. கட்டு என்று எடுத்துக்கொண்டாள். கம்ப்யூட்டர் டிசைனில் இப்படிச் சுற்றிச் சுற்றிக் கட்டு வைக்கிறார்கள்போல என்று நினைத்தாளாம். ஒன்று விட்டு ஒன்றாக, ஒன்றுகூடத் தப்பாமல், அத்தனை அட்டையும் அடித்துக் கொடுத்தாள். வேறு எந்த ஊரில் எவர் பார்த்திருந்தாலும் திரை மங்கலாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள். எங்கள் ஊர் அட்டைக்காரிக்குத்தான் அது பென்சில் தேய்ப்பு.

மேஸ்திரி வந்தது சாயங்காலம். மொபெட்டை ஸ்டாண்டு போடக்கூட இல்லை, சுவரில் சாய்த்துவிட்டு, அட்டைக் கட்டை நடு வீட்டில் பொத்தென்று போட்டார். கையில் ஒரு ஃபோட்டோ. தறியில் நெய்த வரைக்கும் எடுத்தது.

“இன்னாமா இது? அன்னமா, பூனையா?”

அக்கா வாங்கிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். அன்னத்தின் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகச் சிலிர்த்து நின்றது.

“ஒடம்பெல்லாம் மயிர் மொளைச்சிக்கினு இருக்குது. இத்தக் கட்டிக்கினு அந்தப் பொண்ணு மணவறையில உக்கார்ந்தா மாப்பிள எழுந்து ஓடிடுவான். நெய்யறவன் என்னை வாய்க்கு வந்தபடி பேசறான். ஜரிகை போட்டதெல்லாம் பிரிச்சிக்கினு உக்காந்திருக்கான். இன்னா பேஜார் புடிச்ச வேலம்மா இது!”

“தாள்ல இருந்ததத்தான் அடிச்சேன்” என்றாள் அக்கா.

“தாளு எங்க இருக்குது? டி.வி. பொட்டிய பாத்து அடிச்சிட்டு தாளுன்றியே!”

அப்பா தறியை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டில் நெய்கிற நேரத்தில் தறி நின்றால் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லை கரண்ட் போய் இருட்டியிருக்க வேண்டும். அவர் எழுந்து வந்து அட்டைக் கட்டைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார்.

“போதும்மா. வியாழக்கெழம நல்ல நாளு. துணிய எடுத்து வெச்சிக்கோ” என்றார்.

எனக்கு அந்த நொடியில் அப்பா, மேஸ்திரி, அக்கா மூன்று பேர்மேலும் ஆத்திரம் வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கோப்பைத் திறந்தேன். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அன்னத்தைச் சுற்றி மழுப்பல். மாற்றங்களின் வரலாற்றைத் தேடிப்போனேன். அங்கே இருந்தது அவர் வாசகம், யாருடைய அக்காவுக்காகவும் என்று.

நான் கெட்ட வார்த்தை பேசினேன். அப்பா எதிரில் அதுதான் முதல் தடவை.

“மேஸ்திரி, தப்பு அக்கா மேல இல்ல. மெஷின்ல ஒருத்தன் கை வெச்சிட்டான். நான் இப்பவே சரி பண்ணித் தரேன். மறுபடி அடிச்சிக் குடுப்பாங்க.”

“எவன் கை வெச்சா எனக்கின்னா? அட்டைல கை வெச்சது உங்க அக்காதானே?” என்றார். அக்காவின் முகத்தைப் பார்த்தார். அவள் அழவில்லை, அழுதிருந்தால் அவர் போயிருப்பார் என்று நினைக்கிறேன். சிதறிய அட்டைகளைக் குனிந்து எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். “அவன் பிரிச்சி முடிக்கறதுக்குள்ள புது அட்ட தறிக்கு வந்துடணும். இல்லன்னா வேற ஆளப் பாத்துக்கறேன். அப்புறம் என்னக் கொற சொல்லக் கூடாது.”

நெய்தவர் அங்கே இழை இழையாகப் பிரித்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அக்கா இங்கே அடித்து முடிக்க வேண்டும். மூன்று வரியைத் திரும்ப வைத்து, அக்காவின் மெஷினுக்கு மட்டும் தனியாக ஒரு பிரதி செய்து கொடுத்தேன். புதுப்பிக்கலாமா என்ற கேள்வியையே அதிலிருந்து பிடுங்கி எறிந்தேன். அன்னம் மொழுமொழுவென்று திரையில் வந்து நின்றது. அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு தரம் பார்த்தாள். பிறகு சுத்தி விழ ஆரம்பித்தது.

சோறு வைத்தது நான். அட்டை கோத்தது நான். கல்லூரிக்கு வயிற்று வலி என்று சொல்லியனுப்பினேன். அப்பா வியாழக்கிழமையைப் பற்றி மறுபடி பேசவில்லை. ஆனால் அக்காவின் துணிப்பையைப் பரணிலிருந்து இறக்கிக் கதவோரம் வைத்திருந்தார். போகும்போதும் வரும்போதும் அது காலில் இடறியது. புதன்கிழமை மத்தியானம் அக்கா கடைசி அட்டையை அடித்தாள். நானே கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு போகாத குறையாக ஆட்டோ பிடித்துப் போய்க் கொடுத்தேன். நெய்தவர் தறியில் இன்னும் கொஞ்சம் பிரிக்க வேண்டியிருந்தது. மேஸ்திரி அட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “ம்” என்றார். நல்லாயிருக்குது என்று சொன்னால் வாய் முத்து உதிர்ந்துவிடும். ஆனால் அடுத்த வாரம் அடுத்த சி.டி. வந்தது. அப்பா துணிப்பையைத் திரும்பப் பரணில் போட்டார்.

அக்கா வீட்டில் நின்றாள், சரி. ஆனால் என் மென்பொருளின் அடுத்த பதிப்பும் அதற்கடுத்ததும் மழுப்பிக்கொண்டேதான் வரும். நானே வைத்தால் அவர் மறுபடி எடுப்பார் என்பதால் குழுவில் எழுதினேன், மூன்று வரியைத் திரும்ப வையுங்கள் என்று. காரணமும் எழுதினேன். அவர் எழுதினார், இது அழகைக் கெடுக்கிறது என்று. நான் எழுதினேன், அழகு வேண்டும் என்றால் காலண்டர் மாட்டுங்கள் என்று. சண்டை முற்றியது. இதுவரை வாயே திறக்காதவர்களெல்லாம் நீதிபதிகளானார்கள். ‘சார், தயவுசெய்து அமைதியாகுங்கள்’ என்று ஒருவர். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பதை ஆங்கிலத்தில் நாகரிகமாக எழுதினார் இன்னொருவர். நடுவில் அமெரிக்காக்காரர், விடுமுறைக்கு ஊருக்குப் போகிறேன், பதில் தாமதமாகும் என்றார். எந்த ஊர் என்றால், காஞ்சிபுரம்.

சின்ன காஞ்சிபுரத்துக்காரர்! வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருவில் வீடு. வைகாசி கருட சேவைக்கு வருகிறார். என் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரத்தில் வளர்ந்தவன்தான் உலகத்தைச் சுற்றி வந்து என் அக்காவின் வயிற்றில் அடித்திருக்கிறான். வீட்டு விலாசத்தை எழுதி, வந்து பாருங்கள் என்றேன்.

வந்தார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். கருட சேவை முடிந்த மறுநாள், யாருடைய ஸ்கூட்டரையோ வாங்கிக்கொண்டு, வியர்த்து வழிந்தபடி வாசலில் நின்றார்.

“நீங்கதானா அது? நான் ஒரு சாரைத் தேடிண்டு வந்தேன்.”

“சார் வெளியூர் போயிருக்காரு. நான்தான் இருக்கேன், வாங்க.”

காபி வேண்டாம் என்றார். இருந்த கோபத்தில் நான் அதற்கும் ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன். அக்காவின் மெஷினில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து காட்டினேன். இது உங்களுடைய அன்னம், இது எங்களுடையது. பென்சில் தேய்ப்பைச் சொன்னேன், ஃபோட்டோவைக் காட்டினேன். அவர் கவனமாகத்தான் பார்த்தார்.

“புரியறது. ஆனா இது எட்ஜ் கேஸ். ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்ற பிரச்சினை.”

“அந்த ஒருத்தர் உள்ள உக்காந்துக்கினு இருக்காங்க. கூப்பிடட்டுமா?”

உள்ளறையில் சுத்தி டங்கென்று விழுந்தது. அக்கா அத்தனை ஓங்கி அடித்து நான் கேட்டதில்லை. அதற்குப் பிறகு அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் சுத்தி விழுந்தது.

“ஒரு செட்டிங்கா வெச்சிட்டுப் போங்க. வேணும்கிறவங்க போட்டுக்கட்டும்” என்றேன்.

“ஒண்ணொண்ணுக்கும் செட்டிங் வெச்சா,” டங், “அதை யார் பராமரிக்கறது?”

“நான். இத்தனை வருஷமா வேற யாரு?”

“உங்க அக்கா,” டங், “நல்ல டிசைன் சாஃப்ட்வேரா ஒண்ணு வாங்கிக்கலாமே.”

அந்த சாஃப்ட்வேர் விற்கிற விலைக்கு வீட்டில் இன்னொரு தறி போடலாம். “எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டீங்களா?” என்றேன்.

“ஒவ்வொரு வரிக்கும் கேட்டுண்டிருந்தா வேலை நடக்காது.”

“தொடாதீங்கன்னு பக்கத்துலயே எழுதியிருந்தேனே.”

“தொடாதீங்கன்னா? எதுக்குன்னு எழுதலையே. யாரோட அக்கா, என்ன வேலை, ஒண்ணுமே இல்லை. நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?”

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை எனக்கு இன்றைக்கும் பிடிக்கவில்லை. தெரியாவிட்டால் கேட்கலாமே? அதற்காகத்தானே அஞ்சல் குழு? அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டு போனார். போகும்போது வெயிலில் ரொம்பக் களைத்துத் தெரிந்தார். தண்ணீராவது கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை.

அன்றைக்குச் சாயங்காலமே முடிவு செய்தேன். திறந்த மூலத்தில் ஒரு வசதி உண்டு. கூட்டுக் குடும்பத்தில் ஒத்துவராவிட்டால், இருப்பதைப் பிரதி எடுத்துக்கொண்டு, வேறு பெயர் வைத்துத் தனிக்குடித்தனம் போய்விடலாம். யாரும் தடுக்க முடியாது. நான் போனேன். குழுவில் என்னை உணர்ச்சிவசப்பட்டவர், பிளவு உண்டாக்குகிறவர் என்றெல்லாம் எழுதினார்கள். எழுதட்டும். என் மூன்று வரி இப்போது பத்து வரி ஆனது. பக்கத்தில் யாருடைய அக்கா, என்ன தொழில், எந்த ஊர், மழுப்பினால் அன்னத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு பக்கத்துக்கு எழுதி வைத்தேன். அந்த அன்னக் கரையையே சோதனைக் கோப்பாகவும் போட்டேன். எவர் எதை மாற்றினாலும் அன்னம் மயிர் இல்லாமல் வந்தால்தான் மாற்றம் உள்ளே போகும். கொஞ்சம் பேர் என்னோடு வந்தார்கள். குளிர்தேசத்தில் கட்டம் எண்ணிப் பூத்தையல் போடுகிற ஒரு பெண்மணி, இந்தக் கட்டங்களுக்காக நன்றி என்று எழுதினார். ஆயிரத்துல ஒருத்தர் இரண்டு பேரானோம்.

தைப் பொங்கலுக்கு மாமா வந்தார். ஒரு சீப்பு வாழைப்பழம், கரும்பு, முகத்தில் ஒரு சிரிப்பு. அக்காவுக்கு வேலை நிறைய வருகிறது என்று மாகறல்வரை சேதி போயிருந்தது. அப்பா பாய் போட்டார். எனக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. மாமா அறை வாசலில் போய் நின்றார்.

“நடந்தது நடந்துபோச்சு. வா, போவலாம். அங்கயே பெரிய பலகையா ஒண்ணு வாங்கித் தரேன். நம்ம வீட்லயே ஒக்காந்து அடி.”

அக்கா சுத்தியைக் கீழே வைத்தாள். போய்விடுவாள் என்று நினைத்தேன்.

“என்னக் கேக்காம எடுத்துப் போட்டது தப்புன்னு சொல்லு. இப்பவே கெளம்பறேன்.”

மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா கூரையைப் பார்த்தார்.

“ரெண்டு பேர் மேலயும்தான் தப்பு இருக்குது. அன்னைக்கு இருந்த நெலமைல…”

அக்கா சுத்தியை எடுத்துக்கொண்டாள். மாமா தண்ணீர் கேட்டுக் குடித்தார். பழத்தை வைத்துவிட்டுக் கரும்பை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டு போனார். அப்பா பாயைச் சுருட்டிக் கடாசிவிட்டுத் தறியில் போய் உட்கார்ந்தார். ஆனால் துணிப்பை பரணிலேயே இருந்தது.

அதற்கப்புறம் வருடங்கள் போயின. அக்கா இங்கேயே இருந்தாள். மேஸ்திரியின் தறிகளுக்கெல்லாம் அட்டை அவள்தான். ஒரு நாள் காலை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து திரையில் பக்கம் தள்ளிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். நீளமான கரை என்றால் அவள் கையை எடுக்காமல் அடிப்பாள், நான் தள்ளுவேன். அப்போது என் மெஷினில் அமெரிக்காக்காரரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. இரண்டு மென்பொருளையும் திரும்ப ஒன்றாகச் சேர்த்துவிடலாம் என்று கேட்டிருந்தார். என் பதிப்பில் வேகம் நன்றாக இருக்கிறதாம். என் பத்து வரியையும் ஏற்றுக்கொள்கிறாராம். தலைமைப் பொறுப்பும் எனக்கே. முதல் முறையாக ‘டியர் மேடம்’ என்று ஆரம்பித்திருந்தார். பொய் சொல்வானேன், எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. தனியாக இழுத்து இழுத்துத் திரும்பவும் களைத்திருந்தேன். அக்காவுக்குத் தமிழில் படித்துச் சொன்னேன்.

“போலாமாக்கா?” என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“கேக்காம எடுத்தது தப்புன்னு எழுதியிருக்கிறானா?”

கடிதத்தை மேலிருந்து கீழாக மறுபடி படித்தேன். அன்றைய சூழ்நிலையில் எடுத்த முடிவு என்று ஒரு வரி இருந்தது.

“இல்லக்கா.”

சுத்தி விழுந்தது.

“அப்ப அடுத்த பக்கத்தத் தள்ளு.”